குந்தித் தண்ணி குடிச்சிட்டுப் போ

பனைமேட்டுக்குப்பத்தில் வலையோடு கிளம்புகிற ஆளைப் பார்த்து ‘எங்க போற?’ என்று யாரும் கேட்பதில்லை. வாய் தவறிக் கேட்டுவிட்டால், அந்த ஆள் வந்த வழியே வீட்டுக்குத் திரும்ப வேண்டும். வலையை இறக்கி வைத்து, குந்தி, ஒரு சொம்புத் தண்ணீர் குடித்து, பிறகுதான் மறுபடி கிளம்ப வேண்டும். இல்லாவிட்டால் வலை வெறுமனே வரும். யாரும் கேட்காத நாளிலும் கங்காதரனின் வலை பலமுறை வெறுமனே வந்திருக்கிறது என்பது வேறு விஷயம். அதற்கு அவன் பழவேற்காட்டு ஏரியைக் குறை சொல்லியிருக்கிறான், முகத்துவாரத்தை மூடிய மணலைக் குறை சொல்லியிருக்கிறான், பூநாரையைப் பார்க்க வந்து படகில் கூச்சல் போடும் டவுன்காரர்களைக் குறை சொல்லியிருக்கிறான். வழக்கத்தை மட்டும் குறை சொன்னதில்லை. சொன்னால் அதுவும் ஒரு நாள் கோபித்துக்கொண்டால் என்ன செய்வது?

ஆனால் அவன் மகள் தேவதர்ஷினி அயர்லாந்துக்குப் படிக்கக் கிளம்பிய காலையில் அந்த வழக்கம் ஒருத்தருக்கும் ஞாபகம் வரவில்லை. ஆட்டோக்காரன் மணலில் இறங்க மாட்டேன் என்று தார் ரோட்டிலேயே நின்றுவிட்டான். பெட்டியைக் கங்காதரன் தலையில் ஏற்றிக்கொண்டு முன்னால் நடந்தான். எதிரே நண்டு வலையோடு சகாதேவன் வந்தான். கங்காதரனோடு ஒரே படகில் தொழிலுக்குப் போகிறவன். குப்பத்திலேயே வாய்க்கு மூடி வைத்துப் பிறக்காத ஒரே ஆள்.

“இன்னா பாப்பா, பொட்டியெல்லாம் பலமா கீது. எங்க கெளம்பிட்ட?”

“அயர்லாந்து மாமா.”

“அது கும்முடிப்பூண்டிக்கு அப்பாலயா?”

எல்லோரும் சிரித்தார்கள். பெட்டியின் கனத்தில் கழுத்து ஒடிந்துகொண்டிருந்த கங்காதரனும் சிரித்தான். சிரித்தபடியே ஆட்டோ ஏறினார்கள். வழக்கம் வலை தூக்குகிற ஆம்பிளைக்குத்தானே. படிக்கப் போகிற பெண்ணுக்கு அதெல்லாம் எதற்கு என்று அன்று யாரும் யோசிக்கக்கூட இல்லை.

படிப்பு முடிந்தது. கறுப்பு அங்கி போட்டு, பலகைத் தொப்பி வைத்து அவள் அனுப்பிய படத்தை அவள் அம்மா மனோரமா சாமிப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டி, அதற்கும் சேர்த்துக் கற்பூரம் காட்டினாள். அப்புறம்தான் வேலை தேடும் படலம் ஆரம்பித்தது. மருந்துக் கம்பெனியில் மாத்திரையின் தரம் பார்க்கிற வேலை. “அது இன்னா பெரிய வேல, செவுளத் தூக்கிப் பாத்தா தெரிஞ்சிடப் போவுது” என்றாள் மனோரமா, மார்க்கெட்டில் கூடை வைத்து மீன் விற்கிறவள். அந்தச் செவுளைத் தூக்கத்தான் அங்கே யாரும் மகளை விடவில்லை. ஒவ்வொரு இண்டர்வியூவாகப் போனாள். ஒவ்வொன்றிலும் வெறுங்கையோடு வந்தாள். வாய்விட்டு அவள் சொல்லவில்லை. படிக்கும்போது சாயந்திரம் போய்வந்த ரொட்டிக் கடைக்கே இன்னமும் வேலைக்குப் போகிறாள் என்பதை வைத்து இவர்களாகப் புரிந்துகொண்டதுதான். தங்குவதற்குக் கொடுத்த அனுமதி தை மாதத்தோடு முடிகிறது. அதற்குள் படித்த படிப்புக்கு ஒரு வேலை கிடைக்காவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

ஒரு நாள் ஏரி நடுவே, குப்பத்துக்காரர்கள் முறைவைத்து மீன் பிடிக்கும் பாட்டில் தங்கள் முறை வந்து இழுத்த வலையில் நாலு கெளுத்தியும் ஒரு பிளாஸ்டிக் செருப்பும் வந்தபோது, கங்காதரனுக்குச் சுரீரென்று உறைத்தது. கழி ஊன்றிக்கொண்டிருந்த சகாதேவனை முறைத்தான்.

“நீ கேட்டடா அன்னிக்கி.”

“இன்னாத்த கேட்டேன்?”

“எம் பொண்ண. எங்க கெளம்பிட்டனு. அவ திரும்பி வூட்டுக்குப் போவல. குந்தல. தண்ணி குடிக்கல. அப்டியே ஏறிப் போயிடுச்சி.”

“அடங்கொய்யால. ரெண்டு வருசம் கழிச்சி வந்து கேக்கறியே. பொம்பளப் புள்ளைக்கு ஏதுய்யா அதெல்லாம்?”

“போறவங்களுக்குத்தானடா அது? அதுல ஆம்பள இன்னா, பொம்பள இன்னா?”

அன்றைக்கே வீட்டில் கட்டளை போட்டான். இனிமேல் வேலையைப் பற்றி அவளிடம் ஒரு வார்த்தை கேட்கக் கூடாது. போன பிழையைத் திருத்த முடியாது. புதுப் பிழை செய்யாமலாவது இருக்கலாம். கட்டளை போட்ட கையோடு தெருவுக்கும் சொல்லிவிட்டு வந்தான். ஊரே வாயை மூடிக்கொண்டது. சகாதேவன் மட்டும் போனில் அவள் முகம் தெரிந்தால் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு அந்தப் பக்கம் ஓடினான். அவளுக்கு அது எப்படித் தெரிந்திருக்கும் என்பதை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை.

அங்கே காலை விடிந்து அவள் கஞ்சிபோல் எதையோ கிண்டிக்கொண்டிருக்கும்போது இங்கே மத்தியானம். கங்காதரன் ஏரியிலிருந்து வந்து, ஐஸ் பெட்டி அடுக்கிய கொட்டகையில் கிழிந்த வலையை ஊசியால் பொத்திக்கொண்டிருப்பான். மனோரமா மார்க்கெட்டிலிருந்து வந்து சோற்றுப் பானையை இறக்கியிருப்பாள். போனை வலைக் குவியலில் சாய்த்து வைப்பார்கள். ஐப்பசி மழைக்கு முகத்துவாரம் திறந்து கடல் தண்ணீர் உள்ளே ஏறியிருந்தது. இறால் படுகிற காலம். தார்ப்பாயில் தாளம் போடும் மழைக்கு மேலே கத்திப் பேச வேண்டியிருந்தது.

“இன்னா கொழம்பு?” என்பாள் எடுத்தவுடன்.

“எறாவும் சொரக்காவும்.”

“கிட்ட காட்டு.”

மனோரமா போனைச் சட்டிக்குள் விழுகிற மாதிரி பிடிப்பாள். ஆவி படிந்து படம் மங்கிவிடும். அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு கேட்கும். புடவைத் தலைப்பால் போனைத் துடைத்து மறுபடி நிறுத்துவாள். பிறகு பேச்சு தட்டுத் தடுமாறும்.

“அங்க மழையா?” என்றான் அன்றைக்கும் கங்காதரன்.

“மழைதான்.”

“இங்கயும் மழைதான்.”

“நேத்தும் இதான் சொன்ன நைனா.”

“நேத்தும் மழைதானம்மா.”

இதற்குச் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தான். அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

“மழையா, சாப்டியா. சாப்டியா, மழையா. வேற ஒண்ணும் தெரியாதா உங்களுக்கு? போன வாரம் போனியே இன்னாச்சு, வேல குடுத்தாங்களா இல்லியானு ஒரு வார்த்த கேட்டீங்களா ரெண்டு பேரும்? கூட கீற பொண்ணுங்கள அவங்க வூட்ல போன் போட்டுக் கொடையறாங்க. கெடச்சுதா கெடச்சுதானு உசுர வாங்கறாங்க. அதுங்க அழுவுதுங்க. நான் அதுங்களப் பாத்து அழுவறேன், என்னை யாரும் கொடையலியேனு.”

கங்காதரனின் கையிலிருந்த ஊசி நின்றது. பேச்சில் எப்போதும் யாரையாவது கவிழ்த்துவிடுகிறவன். அன்று அவன் படகே கவிழ்ந்தது.

மனோரமா போனைப் பிடுங்கினாள். “கேக்கக் கூடாதுனு உங்க நைனாதான் தடா போட்டு வச்சிகீறாரு. ஊருக்கே போட்டு வச்சிகீறாரு. எனக்கு வாயி நமநமங்குது, தொண்ட வரிக்கும் வருது, முழுங்கி முழுங்கி வயிறு உப்பிப் போச்சு எனக்கு.”

“ஏன் கேக்கக் கூடாது?”

“நீ தொழிலுக்குக் கெளம்பிக் கீறியாம். வலயோட போற ஆளக் கேட்டா ஆவாதாம்.”

படம் நின்றுவிட்டதோ என்று மனோரமா போனைத் தட்டினாள்.

“எனக்கா?” என்றாள் தேவதர்ஷினி. “எனக்குமா அது?”

“பின்ன?” என்றான் கங்காதரன், வலையைப் பார்த்துக்கொண்டே.

“அம்மாவுக்கே இல்லியே நைனா. அம்மா மீன் கூடைய எடுத்துனு போறப்போ தெருவே நின்னு கேக்குமே.”

“நல்லாக் கேளு” என்றாள் மனோரமா. “நான் கூடையத் தூக்கனா எதிர்ல வர்ற நாயி கூட எங்க போறனு கேக்கும். இவருக்கு அப்போல்லாம் வழக்கம் ஞாபகம் வராது. பொண்ணுனா மட்டும் வரும்.”

“தப்புதான்” என்றான் கங்காதரன். கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்தில் மனோரமா அந்தச் சொல்லை அவன் வாயில் கேட்டதில்லை. அவனே தொடர்ந்தான். “அன்னிக்கி சகாதேவன் கேட்டப்போ உன்னத் திருப்பி இட்டாந்து குந்த வச்சிருக்கணும். வுட்டுட்டேன். அதான் இப்போ ஒண்ணொண்ணும் தட்டிப் போவுதுனு எனக்கு. அதான் கேக்கல. வேற ஒண்ணுமில்ல.”

தேவதர்ஷினி மூக்கை உறிஞ்சினாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை.

“அது தட்டிப் போறது வேறத்துக்கு நைனா. சொல்றேன் கேளு.”

அவள் காலேஜில் ஓர்லா என்று ஒரு அம்மா இருந்தாள். வெளிநாட்டுப் பிள்ளைகள் படித்து முடித்ததும் முதல் வேலை தேடிக்கொள்ள வழி சொல்வதே அவளுக்கு உத்தியோகம். இவள் போய் வந்த இண்டர்வியூக்களையெல்லாம் உட்கார வைத்து விசாரித்திருக்கிறாள். படிப்பைக் கேட்டால் நன்றாகச் சொல்கிறாயே, எங்கே தடுக்குகிறாய் என்று தோண்டித் தோண்டி, கடைசியில் கண்டுபிடித்துவிட்டாள்.

“எல்லா எடத்துலயும் கடசியா ஒண்ணு கேக்கறாங்க நைனா. அஞ்சு வருசம் கழிச்சி நீ எங்க இருப்பனு. இன்னா சொல்றதுனே எனக்கு வர்ல. சிரிச்சிட்டு, பாப்போம்ங்கறேன். அதாங் கெடுத்துச்சாம். இவளுக்கு இந்த வேல மேல ஆசயில்ல, பாதில ஓடிடுவானு நெனச்சிக்கிறாங்களாம்.”

“பாப்போம்னா இன்னா தப்பு?” என்றான் கங்காதரன், உண்மையாகவே புரியாமல். “நானும் அதான் சொல்வேன்.”

“அதானே! நம்மூர்ல எவன் கெளம்பறதுக்கு முன்னாடியே இவ்ளோ அள்ளினு வருவேன்னு சொல்றான்? சொல்ற வாய ஒடைக்க மாட்டாங்க? ஓர்லாம்மா சொல்றாங்க, வூட்ல யாரையாவது தெனம் இந்தக் கேள்வியக் கேக்கச் சொல்லு, உன் பாஷைலயே மொதல்ல சொல்லிப் பழகு, அப்பால இங்கிலீஸ்ல தானா வரும்னு. அடுத்த இண்டர்வியூ வருது. அதான் கடசி. நீ கேளு நைனா.”

“நானா?”

“நீதான்.”

சரியென்று சொல்லிவிட்டான். சொன்ன பிறகு சோற்றைப் பிசைந்தபடி யோசித்தான். உலகத்தில் ஆயிரம் கேள்வி இருக்க, பனைமேட்டுக்குப்பத்துக்காரன் கேட்கக் கூடாத ஒரே கேள்வியைத்தானா அந்தக் கம்பெனிக்காரர்கள் தேடிப் பிடிக்க வேண்டும்? ‘எங்க போற’ என்பதையே அஞ்சு வருஷம் நீட்டிக் கேட்கிறார்கள்.

அடுத்த நாள் மனோரமா நானே கேட்கிறேன் என்று முன்னால் வந்தாள். முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு போனுக்கு எதிரே அமர்ந்தாள்.

“சொல்லும்மா. உன்ன நான் இன்னாத்துக்கு எடுக்கணும்? பக்கத்துலயே வேற சரக்கு கீது. அது இன்னும் பளபளனு கீது.”

“அம்மா, வேலைக்குக் கேக்கறாங்க. பேரம் பேசல.”

“எல்லாம் ஒண்ணுதான். கண்ணு இன்னா உள்ள போயிருக்குது? நேத்து சரக்கா?”

“ராவெல்லாம் படிச்சேம்மா.”

“அப்போ ஐஸ் வக்கலனு சொல்லு.”

தேவதர்ஷினி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பல மாதத்துக்குப் பிறகு அந்தச் சிரிப்பு. சிரிப்பு நல்லதுதான், வேலைக்கு ஆகாது. கங்காதரன் மனைவியை நகர்த்திவிட்டு வலைக் குவியலுக்கு எதிரே வந்தான். இரவெல்லாம் யோசித்து ஒரு சந்து கண்டுபிடித்து வைத்திருந்தான். கிளம்புகிற ஆளைத்தான் கேட்கக் கூடாது. வந்து குந்திவிட்ட ஆளைக் கேட்கலாம்.

“மொதல்ல நீ குந்து” என்றான்.

“குந்திதான் நைனா கீறேன்.”

“காலத் தூக்கி மேல வச்சிக்கோ. தண்ணி எடுத்தாந்தியா? குடி. ரெண்டு வாயி குடி. ம். இப்போ நீ எங்கயும் கெளம்பல. வூட்ல குந்தினு கீற. செரியா?”

“செரி நைனா.”

தொண்டையைக் கனைத்துக்கொண்டான். மழை விட்டிருந்தது. தார்ப்பாய் ஓரத்திலிருந்து ஒற்றைச் சொட்டு விழுந்துகொண்டிருந்தது.

“அஞ்சு வருசம் கழிச்சி நீ எங்க இருப்ப?”

“பாப்போம்” என்று தொடங்கியவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். “இங்க இருப்பேன். இந்தக் கம்பெனிலதான். எனக்குக் கீழ நாலு பேரு வேல செய்வாங்க. நடுநடுவுல லீவு போட்டு ஊருக்கு வந்து...”

“அத அவங்க கேக்கல.”

“இல்ல நைனா, சும்மா...”

“ஊரக் கேக்கலம்மா. மறுபடி சொல்லு.”

மறுபடி சொன்னாள். இந்த முறை ஊர் வரவில்லை. ஆனால் கண் அவனைப் பார்க்காமல் எங்கோ போயிற்று. கங்காதரனுக்கு அந்தக் கம்பெனித் தொழில் தெரியாவிட்டாலும் ஆள் தெரியும். வலையில் ஓட்டை இருப்பதைச் சொல்லாமல் விற்க வருகிறவனின் கண் அப்படித்தான் போகும்.

“என் மூஞ்சியப் பாத்து சொல்லு.”

“உம் மூஞ்சியப் பாத்தா சொல்ல வர்ல நைனா.”

“நான் இன்னா உங்க நைனாவா? நான் கம்பெனிக்காரன். கோட்டு போட்டுனு கீறேன் பாரு” என்று தோளில் கிடந்த துண்டை இழுத்து மார்பில் இரண்டு பக்கமும் சரிசெய்துகொண்டான். பனியன் கிழிசல் மறைந்தது. அவள் சிரிக்கவில்லை.

உள்ளுக்குள் கங்காதரன் ஒன்றை மறைத்து வைத்திருந்தான். மனோரமாவுக்கும் தெரியாது. தை முடிந்தால் பெண் வந்துவிடுவாள் என்று நினைக்கும்போதெல்லாம் அவன் மனசு ஒரு குதி குதித்தது. மகள் போன பிறகு அவள் உட்காரும் நாற்காலியில் ஏற்றி வைத்திருந்த வலை மிதப்புக் கட்டைகளைப் போன வாரம்தான் இறக்கி, நாற்காலியைக் கழுவிக் காயவைத்தான். எதற்கு என்று மனோரமா கேட்டதற்கு மூட்டைப் பூச்சி என்றான். பிளாஸ்டிக் நாற்காலியில் மூட்டைப் பூச்சி ஏது என்று அவள் திருப்பிக் கேட்காமல் விட்டது அவளுடைய பெருந்தன்மை. இப்போது அந்தப் பெண்ணுக்கே, வரமாட்டேன் என்று தைரியமாகச் சொல்ல இவன் பாடம் எடுக்க வேண்டும். இப்படி ஒரு வாத்தியாரை எந்தப் பள்ளிக்கூடமும் கண்டிருக்காது.

“சொல்லும்மா. அஞ்சு வருசம் கழிச்சி எங்க இருப்ப?”

அந்த வாரமெல்லாம் கேட்டான். வாடைக் காற்று அடித்த நாளில் கேட்டான். நல்ல எறா பட்டு வீடு முழுக்க வாசனை அடித்த நாளில், அவள் ‘கிட்ட காட்டு’ என்று சொல்ல இடம் கொடுக்காமல் முதலில் இதைக் கேட்டான். ஒரு நாள் சகாதேவன் கொட்டகையோரம் நின்று வாயைப் பொத்தியபடியே கேட்டுக்கொண்டிருந்தான். கண்ணில் தண்ணீர் வர, “வாடக்காத்துல மண்ணு வியுது” என்று சொல்லிவிட்டுப் போனான். காற்று அன்று அடிக்கவே இல்லை.

கடைசி நாள் அவள் குந்தி, தண்ணீர் குடித்து, அவனை நேராகப் பார்த்தாள்.

“இங்கதான் இருப்பேன். இந்த வேலையக் கத்துக்கினு, எனக்கப்பறம் வர்றவங்களுக்குக் கத்துக் குடுப்பேன். இந்த ஊரு என் ஊரா ஆயிருக்கும்.”

குரல் நடுங்கவில்லை. கண் நகரவில்லை. அப்படியே நடக்கும் என்று கேட்கிறவனுக்குத் தோன்றிவிட்டது. அதுதான் சங்கடம்.

“சோக்கா சொன்னம்மா” என்றான் கங்காதரன். “இதான். இதயே சொல்லு.” போன் அணைந்த பிறகு பார்த்தால், பேசிக்கொண்டே பொத்திய கண்ணியெல்லாம் கோணலாக இருந்தது. ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டு மறுபடி ஆரம்பித்தான். மனோரமா ஒன்றும் கேட்காமல் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, வலையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள்.

வேலை கிடைத்தது. மார்கழியில் ஒரு மத்தியானம், சட்டியைக் காட்டு என்று கேட்காமலேயே கத்தினாள். மனோரமா கூடையோடு தெருவில் இறங்கி, அன்று விற்காத மத்தியை வீடு வீடாகச் சும்மா கொடுத்தாள். சகாதேவன் இத்தனை மாதம் அடைத்து வைத்த கேள்வியையெல்லாம் போனில் கொட்டினான். சம்பளம், சாப்பாடு, அங்கே நண்டு உண்டா, இருந்தால் எப்படிப் பிடிக்கிறார்கள் என்று நிறுத்தாமல் கேட்டான். கங்காதரனும் சிரித்தான், எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தான். வீட்டுக்கு வந்து நாற்காலியில் மிதப்புக் கட்டைகளைத் திரும்ப ஏற்றலாமா என்று நின்று யோசித்தான். ஏற்றவில்லை.

தை பிறந்து அவள் வேலைக்குச் சேருகிற முதல் நாள். வீடியோவில் வந்தாள். முட்டி வரைக்கும் கறுப்புக் கோட்டு, கழுத்தில் கம்பளித் துண்டு, தோளில் பை. பின்னால் கதவு பாதி திறந்திருந்தது. வெளியே இன்னும் இருட்டு விலகவில்லை.

“எப்டி கீது?”

“போலீசு மாதிரி கீற” என்றாள் மனோரமா, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

“பஸ்ஸு வந்துரும்மா. போன வக்கட்டா? நைனா, ஒண்ணும் சொல்லலியே நீ?”

கங்காதரன் போனைக் கையில் வாங்கினான். மகள் ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு கால் வாசலுக்கு அந்தப் பக்கம் இருந்தது. விமான நிலையத்து வாசலிலும் இப்படித்தான் நின்றாள். அன்றைக்குக் கேட்க வந்து விழுங்கிய கேள்வி இன்னும் உள்ளேயே இருந்தது.

“எங்கம்மா போற?” என்றான்.

மனோரமா தலையில் அடித்துக்கொண்டாள். “யோவ்! உனக்கு அறிவு கீதா? மொத நாளு அதுவுமா, ஊருக்கெல்லாம் தடா போட்டுட்டு நீயே கேக்கறியே!”

“வாய் தவறிடுச்சி” என்றான் கங்காதரன்.

தேவதர்ஷினி அவனையே பார்த்தாள். வெளியே ஏதோ வண்டி வந்து நிற்கிற சத்தமும் கதவு திறக்கிற சத்தமும் கேட்டன. அவள் வாசலுக்கு வெளியே வைத்திருந்த காலை எடுத்து உள்ளே வைத்தாள். கதவைச் சாத்தினாள். போனை மேசையில் சாய்த்தாள். தோள் பையை இறக்கினாள். குனிந்து இரண்டு ஷூவையும் கழற்றினாள். குழாய் திறக்கிற சத்தம் கேட்டது. ஒரு கண்ணாடித் தம்ளரில் தண்ணீரோடு வந்து, கோட்டோடே நாற்காலியில் உட்கார்ந்து, காலைத் தூக்கி மேலே மடித்து வைத்துக்கொண்டாள்.

“பஸ்ஸு போயிடுச்சா?” என்றான் கங்காதரன்.

“போயிடுச்சி. இன்னொண்ணு வரும் நைனா.”

“லேட்டாவாதா?”

“சீக்கிரமாத்தான் கெளம்பனேன். யாராச்சும் கேட்டுத் தொலைச்சா இன்னா பண்றதுனு.”

சொல்லிவிட்டுத் தம்ளரை வாயில் வைத்தாள். மனோரமா தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். மகள் அவசரப்படாமல், ஒவ்வொரு வாயாக, அந்தத் தண்ணீரைக் குடித்தாள்.